மிகையும் காப்பும்

நூலுக்கு ஆகாத குற்றங்கள் பத்தினை எண்ணுமிடத்து, மிகைபடக் கூறலையும் கூறியது கூறலையும் அவற்றுள் வைத்தார் நன்னூலார். இலக்கணம் பயிற்றும் ஆசிரியர் எவரும் இவ்விரண்டையும் மாணாக்கர் உள்ளத்தில் பதியவைக்கத் தவறுவதில்லை. நாமும் பல்லாண்டுகளாக அவ்வாறே பயிற்றி வருகிறோம். ஆயினும் நூல் செய்வதற்கு ஒரு நீதி; செய்த நூலைக் காப்பதற்கு வேறொரு நீதி. ஒரே நூலை இரண்டு ஊர்களில் இரண்டு ஏடுகளாக எழுதிவைப்பது கூறியது கூறல்தான். அந்தக் 'குற்றத்தை' நம் முன்னோர் செய்திராவிட்டால், இன்று நம் கையிலிருக்கும் நூல்களுள் பல நம்மை வந்தடைந்திரா.

அரபுக் கையெழுத்துப் பிரதிகளையும், கல்லச்சில் வெளிவந்த பழைய அரபுத்தமிழ் நூல்களையும் புரட்டியோர் ஒன்றைக் கவனித்திருக்கக்கூடும். ஒரு பக்கத்தின் அடியில், அடுத்த பக்கத்தின் முதற்சொல் தனியே எழுதப்பட்டிருக்கும். படிப்போனுக்கு அது தேவையில்லை. தாளைத் திருப்பினால் அச்சொல் அங்கேயே இருக்கிறது. ஆனால் தையல் அறுந்து தாள்கள் கலைந்துபோன நாளில், அந்த மிகைச்சொல்லே தாள்களை மீண்டும் வரிசைப்படுத்தித் தருகிறது. அதே வேளையில், ஒரு தாள் அடியோடு தொலைந்துவிட்டால் அச்சொல்லால் அத்தாளை மீட்டுத்தர இயலாது. ஆகவே மிகை என்பது பொதுவாக நல்லதென்றோ தீயதென்றோ சொல்லுதற்கில்லை. எந்த இழப்புக்கு எதிராக, என்ன விலை கொடுத்து, எவ்வளவு மிகையை வைக்கிறோம் என்பதே கேள்வி.

இக்கேள்வியை நாம் இவ்வளவு கூர்ந்து எண்ண நேர்ந்தது ஏடுகளின் பொருட்டன்று; கணிப்பொறியின் சேமிப்புத் தட்டுகளின் பொருட்டேயாம். நமக்கு அணித்தான ஓரூரில் நண்பர்கள் சிலர் கூடி, வீடுகளின் பரண்களிலும் பெட்டிகளிலும் கிடந்த பழைய கிதாபுகளைத் திரட்டி, ஒவ்வொரு பக்கத்தையும் ஒளிப்படமாக்கிவருகின்றனர். அரபும் தமிழும் கலந்து படிக்கத் தெரிந்தவர் என்பதால் நூல்களை இனங்காணும் பணி நம்மிடம் வந்தது. படங்கள் 5 டெராபைட் அளவைத் தாண்டிய பிறகு, அவற்றை எங்கே, எப்படி வைப்பது என்ற பேச்சும் வந்தது. ஒரு டெராபைட் என்பது ஏறத்தாழ ஒரு லட்சம் கோடி எழுத்துக்களுக்கான இடம் என்று கொள்க. திரட்டிய நூல்களுள் சில, படமெடுக்கத் திறந்தபோதே ஓரம் பொடியாகி உதிர்ந்தவை. அவற்றை இரண்டாம் முறை படமெடுக்க வழியில்லை. எனவே இது பொழுதுபோக்காகப் பேசிவிடும் விஷயமாக இல்லை.

ஹார்டு டிஸ்க் எனப்படும் வன்தட்டின் இயல்பை முதலில் அறிதல் வேண்டும். காந்தப் பூச்சுடைய தட்டு ஓயாது சுழல்கிறது. அதன்மேல் மயிரிழையினும் நுண்ணிய இடைவெளியில் மிதக்கும் முனை எழுதுகிறது, படிக்கிறது. 1956-ல் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட முதல் வன்தட்டுச் சாதனம், 24 அங்குல அகலமுள்ள 50 தட்டுகளை அடுக்கி, 50 லட்சம் எழுத்துக்களைத் தாங்கியது. பின்வந்த ஆண்டுகளில் தட்டுகள் சிறுத்தன, கொள்ளளவு பெருத்தது. ஒன்று மட்டும் மாறவில்லை: சுழல்வது எதுவும் ஒருநாள் நின்றுபோகும். அந்நாள் எது என்பது எவருக்கும் முன்கூட்டித் தெரியாது.

அமெரிக்காவின் பெர்க்லியிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் டேவிட் பாட்டர்சன், கார்த் கிப்சன், ராண்டி காட்ஸ் ஆகிய மூவர் 1987-ன் இறுதியில் ஓர் ஆய்வுரை எழுதி, 1988-ல் சிகாகோ மாநாட்டில் அளித்தனர். அவர்கள் எழுப்பிய வினா எளியது. அக்காலத்துப் பெருங்கணினிகள் 14 அங்குலத் தட்டுகளைக் கொண்ட விலைமிக்க சாதனங்களை நம்பியிருந்தன, அத்தகைய ஐ.பி.எம். சாதனம் ஒன்று 7,500 மெகாபைட் கொண்டது. தனியாள் கணினிக்கென வந்த மூன்றரை அங்குலத் தட்டோ 100 மெகாபைட்தான் கொண்டது, ஆனால் மலிவு. ஒரு பெரிய தட்டுக்குப் பதிலாகப் பல சிறிய தட்டுகளைச் சேர்த்து ஒன்றெனப் பயன்படுத்தினால் என்ன? எழுபத்தைந்து முனைகள் ஒரே நேரத்தில் வேலை செய்யுமே!

வேகம் கிடைக்கும்; அதில் ஐயமில்லை. இடரும் அங்கேயே இருந்தது. ஒரு தட்டு சராசரியாக 30,000 மணிநேரம், அதாவது மூன்று ஆண்டுகளுக்கு மேல், பழுதின்றி உழைக்கும் என்பது அக்கால மதிப்பு. அத்தகைய தட்டுகள் நூறினை ஒன்றாகக் கோத்தால், அவற்றுள் ஏதேனும் ஒன்று பழுதாகும் சராசரிக் காலம் 300 மணிநேரம். இரண்டு வாரங்கூட இல்லை. நூறு பேர் சேர்ந்து தூக்கும் பல்லக்கில் ஒருவர் இடறினாலும் பல்லக்குச் சாயும் என்றால், ஆள் கூடக்கூட ஆபத்தும் கூடுமன்றோ? ஆகவே மலிவான தட்டுகளின் கூட்டத்துக்கு மிகை இன்றியமையாதது என்று அம்மூவரும் காட்டி, அம்மிகையை அமைக்கும் முறைகளை ஐந்து படிகளாக வகுத்தனர். அவ்வமைப்புக்கு அவர்கள் இட்ட ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துக்கள் சேர்ந்து 'ரெய்டு' என்றாயிற்று. வருமான வரிக்காரர் நடத்தும் ரெய்டுக்கும் இதற்கும் உறவில்லை. 'மலிவான தட்டுகள்' என்று அப்பெயரிலிருந்த சொல்லைப் பிற்காலத்து வணிகர் 'தனித்தனித் தட்டுகள்' என்று மாற்றிக்கொண்டனர்.

மூவரும் எல்லாவற்றையும் தாமே கண்டுபிடிக்கவில்லை. தட்டுக்குத் தட்டு இணைப்படி வைக்கும் வழக்கம் முன்பே இருந்தது. கெட்டுப்போன சேமிப்புப் பகுதியில் இருந்ததை மற்றவற்றின் துணையால் மீட்கும் முறைக்கு ஐ.பி.எம்-ஐச் சார்ந்த நார்மன் ஔச்சி 1978-லேயே காப்புரிமை பெற்றிருந்தார். சிதறிக் கிடந்தவற்றை ஒரே தராசில் வைத்து, எதற்கு எவ்வளவு விலை என்று நிறுத்துக் காட்டியதே பெர்க்லி அறிஞர்களின் தொண்டு. அத்தராசின் தட்டுகள் மூன்று: காப்பு, வேகம், இடம். இம்மூன்றையும் ஒருசேர நிறைவாகத் தரும் அமைப்பு எதுவும் இல்லை.

வகைகளுள் முக்கியமானவற்றைக் காண்போம். முதலாவது, செய்தியைத் துண்டு துண்டாக்கிப் பல தட்டுகளில் பட்டை பட்டையாகப் பரப்பி வைப்பது. பெர்க்லி உரையின் ஐந்து படிகளில் இது இல்லை. பின்னர் இதற்குச் சுழிய எண் இட்டனர். நான்கு தட்டு வாங்கினால் நான்கின் இடமும் கிடைக்கும், வேகமும் மிகும். காப்போ சுழியமே! ஒரு தட்டுப் போனால் எல்லாம் போகும்.

இரண்டாவது, இணைப்படி. ஒரு தட்டில் எழுதுவதை அப்படியே மற்றொன்றிலும் எழுதுவது. இது முதற்படி. புரிவதற்கு எளிது, படிப்பதற்கு விரைவு, ஒன்று போனால் மற்றொன்று அக்கணமே கைகொடுக்கும். விலை, பாதி இடம்.

மூன்றாவதே அறிவுக்கு விருந்தானது. இதனை விளக்கச் சிறுவர் விளையாடும் 'ஒற்றையா இரட்டையா' போதும். மூன்று சிறுவர் கையை மூடி நிற்கின்றனர். ஒவ்வொருவர் கையிலும் ஒரு புளியங்கொட்டை இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். நான்காம் சிறுவன் அவர்கள் கைகளைப் பார்த்துவிட்டு, மொத்தக் கொட்டைகள் இரட்டைப்படையாகும்படி தன் கையில் ஒன்றை வைத்துக்கொள்கிறான், அல்லது வெறுங்கையாய் நிற்கிறான். முதலாமவனிடம் உண்டு, இரண்டாமவனிடம் இல்லை, மூன்றாமவனிடம் உண்டு என்றால் நான்காமவனுக்கு வெறுங்கை. இப்போது மூன்றாமவன் வீட்டுக்கு ஓடிவிட்டான் என்க. எஞ்சிய மூவரின் கைகளைத் திறந்தால் ஒரே கொட்டை, ஒற்றைப்படை. ஆகவே ஓடியவன் கையில் கொட்டை இருந்தது என்பது தெளிவு. எவன் ஓடினாலும் இவ்வாறே அறியலாம்.

கணிப்பொறியின் எழுத்தெல்லாம் ஒன்றும் சுழியமுமே ஆதலின், கொட்டை உண்டு, இல்லை என்பதே அதன் மொழி. நான்காமவன் கையை ஆங்கிலத்தில் 'பேரிட்டி' என்பர். நாம் அதைச் சான்றுக்குறி என்று வழங்குவோம். சான்றுக்குறி எந்தத் தட்டின் படியும் அன்று. அதைத் தனியே எடுத்துப் பார்த்தால் ஒரு சொல்லும் புலப்படாது. ஆனால் மற்றவர்களோடு சேர்ந்து நிற்கும்போது, இல்லாதவனுக்காக அது சாட்சி சொல்கிறது. நான்கு தட்டுகளில் ஒன்றின் இடத்தை மட்டும் ஈந்து எல்லாத் தட்டுகளுக்கும் காப்புப் பெறுகிறோம். பத்துத் தட்டுகள் என்றாலும் கொடுக்கும் விலை ஒரு தட்டே.

இவ்வளவு மலிவாகக் கிடைக்கும் காப்புக்கு வேறெங்கோ விலை இருக்கவேண்டும். அது எழுதும்போது வெளிப்படுகிறது. முதற்சிறுவன் தன் கொட்டையை எறிந்துவிட்டால் நான்காமவனும் தன் கையை மாற்றியாகவேண்டும். எனவே சிறியதொரு திருத்தத்துக்குக்கூட, பழைய எழுத்தைப் படித்தல், பழைய சான்றுக்குறியைப் படித்தல், புதிய எழுத்தை எழுதுதல், புதிய சான்றுக்குறியை எழுதுதல் என நான்கு வேலைகள் நேர்கின்றன. இணைப்படியிலோ இரண்டு எழுத்தோடு வேலை முடியும். சான்றுக்குறி முழுவதையும் ஒரே தட்டில் வைத்தால் எல்லாத் திருத்தமும் அத்தட்டின் வாசலில் வரிசையில் நிற்கும்; அது நான்காம் படி. அதனைத் தவிர்க்கச் சான்றுக்குறியை எல்லாத் தட்டுகளிலும் மாற்றி மாற்றிப் பரப்பிவைத்தனர். அது ஐந்தாம் படி. நெரிசல் குறைந்தது. நான்கு வேலை மூன்றாகவில்லை.

மின்வெட்டைப் பழகிய நம்போன்றோர் கருதவேண்டிய நுட்பமும் ஒன்றுண்டு. புதிய எழுத்து எழுதப்பட்டு, சான்றுக்குறி திருத்தப்படுமுன் மின்சாரம் நின்றால், சாட்சி பொய்ச்சாட்சியாகிவிடும். அன்று அது தெரியாது; பிறிதொரு நாள் ஒரு தட்டுக் கெட்டு, அந்தச் சாட்சியை நம்பி மீட்கும்போதுதான் தெரியும். மின்கலத்தின் துணையுடன் நினைவகத்தில் வேலையைக் காத்துவைத்தும், பழைய எழுத்தின்மேல் எழுதாது புதிய இடத்தில் எழுதும் முறைகளாலும் இதனைத் தடுக்கின்றனர்.

காலம் இன்னொரு மாற்றத்தையும் செய்தது. 1988-ன் சிறுதட்டு 100 மெகாபைட் கொண்டது. நொடிக்கு ஏறத்தாழ ஒரு மெகாபைட் வேகத்தில் படித்தால், இரண்டு நிமிடத்துக்குள் முழுத்தட்டையும் படித்துவிடலாம். இன்று 4 டெராபைட் தட்டு ஒன்றினை நொடிக்கு 200 மெகாபைட் வேகத்தில் ஓயாது படித்தாலும் ஐந்தரை மணிநேரம் ஆகிறது. கொள்ளளவு நாற்பதாயிரம் மடங்கு வளர, வேகம் இருநூறு மடங்கே வளர்ந்தது. கெட்ட தட்டுக்குப் பதில் புதியது வைத்து, அதிலே பழையதை மீட்டெழுதும் அத்தனை மணிநேரமும் கூட்டம் காப்பின்றி நிற்கிறது. அப்போது எஞ்சிய தட்டுகள் அனைத்தையும் முதலிலிருந்து இறுதிவரை படித்தாகவேண்டும். ஒரே நாளில் ஒரே கடையில் வாங்கி, ஒரே வெப்பத்தில் ஒரே காலம் உழைத்த தட்டுகள் அவை. ஒன்று சாய்ந்த வேளையில் மற்றொன்றும் சாய்வதில் வியப்பில்லை. மேலும், சாதாரணத் தட்டுகள் பலவற்றுக்கு, நூறு லட்சம் கோடித் துகள்களைப் படிக்கையில் படிக்கவியலாத பிழை ஒன்று நேரலாம் என்பது செய்வோர் தரும் உச்சவரம்பு. அத்தனை துகள்கள் சேர்ந்தால் 12.5 டெராபைட். நடைமுறையில் தட்டுகள் அதனினும் நன்றாகவே உழைப்பதுண்டு. ஆயினும் மூன்று 4 டெராபைட் தட்டுகளை முழுதும் படிப்பது 12 டெராபைட் ஆகிறது என்பதை எண்ணினால் ஒற்றைச் சாட்சி போதாது என்பது விளங்கும்.

இதற்கு மருந்தாக இரண்டாவது சான்றுக்குறி வந்தது. இது கொட்டை எண்ணும் எளிய கணக்கன்று. 1960-ல் இர்விங் ரீடு, குஸ்டவ் சாலமன் ஆகிய இருவர் வகுத்த கணிதத்தைப் பெரிதும் தழுவியது. எந்த இரண்டு தட்டுகள் ஒருசேரக் கெட்டாலும் இது மீட்கும். இதனை ஆறாம் படி என்பர். விலை, இரண்டு தட்டின் இடம். சிறிய திருத்தம் ஒன்றுக்கு ஆறு வேலை.

இனி நம் நண்பர்களின் பெட்டிக்கு வருவோம். அதில் 4 டெராபைட் தட்டுகள் நான்கு. பட்டையாகப் பரப்பினால் 16 டெராபைட். ஐந்தாம் படியில் 12. ஆறாம் படியில் 8. இணைப்படிகளைப் பட்டையாகப் பரப்பும் கலப்பு முறையிலும் 8. படமெடுக்கும் இளைஞர், பணி இன்னும் நீளும் என்பதால் 12 டெராபைட்டை விரும்பினார். தட்டுகளுக்குப் பணம் தந்த ஹாஜியார் இதைக் கேட்டுக்கொண்டிருந்து, "நாலு தட்டுக்குப் பணம் கொடுத்தோம். ரெண்டு தட்டு இடந்தான் தேறும்னு சொல்றீங்க. மிச்சம் ரெண்டும் சும்மா கிடக்கவா ஹஜ்ரத்?" என்றார்.

"கடைக்கு ரெண்டு சாவி வச்சிருக்கீங்களே ஹாஜியார், ரெண்டாவது சாவி வருஷம் முழுக்கச் சும்மாத்தானே கிடக்குது?" என்றோம்.

"சாவி அஞ்சு பத்துல முடிஞ்சுபோகும். இது ஆயிரக்கணக்குல்ல!" என்று அவர் விடவில்லை.

அவர் கேட்டது நியாயமே. மிகைக்கு விலை உண்டு. விலை கொடுப்பவர் கணக்குக் கேட்கவேண்டும். ஆகவே உவமையை விட்டுக் கணக்குக்கே வந்தோம். 8 டெராபைட் தரும் முறைகள் இரண்டு. இணைப்படிக் கலப்பில் எழுதும் வேகம் அதிகம். ஆனால் இரண்டு தட்டுகள் ஒருசேரக் கெடக்கூடிய வகைகள் ஆறனுள், ஒரே இணையின் இரண்டும் கெடும் இரண்டு வகைகளில் எல்லாம் போகும். ஆறாம் படியில் அந்த ஆறு வகையிலும் நூல்கள் பிழைக்கும். எழுதும் வேகம் குறையும். வங்கியிலே நொடிக்கு ஆயிரம் திருத்தம் நிகழும் பேரேட்டுக்கு முன்னது ஏற்றது. நம் படங்களோ ஒருமுறை எழுதப்பட்டுப் பின் படிக்கப்படுபவை, திருத்தப்படுபவை அல்ல. நமக்குத் தேவையற்ற வேகத்தை விற்று, நமக்குத் தேவையான காப்பை வாங்குவதே முறை. ஐந்தாம் படி தரும் கூடுதல் 4 டெராபைட், இன்று நிரம்பாத இடம். அதன்பொருட்டு மீண்டும் படமெடுக்கவியலாத நூல்களை ஒற்றைச் சாட்சியிடம் விடுவது தகாது. இடம் போதாத நாளில் தட்டு வாங்கலாம். உதிர்ந்த தாளை வாங்க இயலுமா?

ஹாஜியார் சற்றுநேரம் பேசாதிருந்து, "அப்ப இதோட கவலை விட்டுச்சு, இல்லையா?" என்றார். "இல்லை" என்று சொல்லவேண்டியிருந்தது.

தட்டு சாவதற்கு எதிரான காப்பே இவ்வமைப்பு. கை தவறி ஒரு கோப்பை அழித்தால், எல்லாத் தட்டுகளிலும் அது உடனே, பிழையின்றி அழியும். தவறான படத்தைச் சரியான படத்தின்மேல் எழுதினால், சான்றுக்குறியும் தவறுக்கே சாட்சி சொல்லும். திருடனும் தீயும் வெள்ளமும் தட்டுகளைத் தனித்தனியே எடுப்பதில்லை, பெட்டியோடு கொண்டுசெல்லும். பக்கத்தின் அடியிலிருந்த சொல் தாளின் வரிசையைக் காத்தது, தாளைக் காக்கவில்லை என்று முன்னர்ச் சொன்னோமே, அந்த வரம்பு இங்கும் உண்டு. எனவே தனியொரு 8 டெராபைட் தட்டில் படிகளை எடுத்து, வேற்றூரில் ஓர் அன்பர் வீட்டில் வைத்து, மூன்று மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிப்பது என்று முடிவாயிற்று. அதற்கும் ஹாஜியாரே பணம் தந்தார். அதற்கு அவர் கணக்குக் கேட்கவில்லை. வேற்றூர்ப் படியின் பயன் எவருக்கும் விளங்குவது.

எஞ்சியது ஒரு கடமை. அரபு நூல்களைப் படியெடுத்தோர், எழுதி முடித்ததும் மூலத்தோடு ஒப்பிட்டுப் படிப்பர். அதற்கு முகாபலா என்று பெயர். ஒப்பிட்டுச் சரிகண்டதன் அடையாளத்தை ஓரத்திலே குறிப்பதும் உண்டு. ஒப்பிடப்படாத படியை அறிஞர் எளிதில் நம்புவதில்லை. தட்டுகளுக்கும் இதே முறை உண்டு. பெட்டியானது குறித்த காலத்துக்கொருமுறை எல்லா எழுத்தையும் தானே படித்து, சான்றுக்குறியோடு ஒப்பிட்டு, படிக்கவியலாத இடம் கண்டால் மற்றவற்றின் துணைகொண்டு மீண்டும் எழுதிவைக்கும்படி அமைக்கலாம். அவ்வாறு செய்யாவிடின், ஒரு மூலையில் கெட்டது, மற்றொன்று கெடும் நாள்வரை ஒளிந்திருக்கும். மாதம் ஒருமுறை, ஆட்கள் வேலை செய்யாத இரவில் இவ்வொப்பீடு நடக்க ஏற்பாடாயிற்று. அதன் முடிவைப் படித்துக் குறித்துவைக்கும் பொறுப்பு இளைஞருடையது.

சேமிப்பு அமைப்பில் எது சிறந்தது என்று கேட்போர் பலர். அவ்வினாவுக்கு விடையில்லை. எதை இழந்தால் மீண்டும் பெறமுடியாது, எதற்கு விரைவு வேண்டும், எவ்வளவு இடம் உண்மையில் தேவை என்னும் மூன்றையும் தமக்குத்தாமே கேட்டு விடை கண்டபிறகு, அமைப்பு பெரும்பாலும் தானே தெரிந்துவிடும். பணத்துக்குக் குறைவுள்ள சிறிய நூலகங்களுக்கே இக்கேள்விகள் மிகவும் உரியன. ஏனெனில் அவை ஒன்றை இழந்தால் அதை மீண்டும் தேடித் தருவார் இல்லை. நன்னூலார் விலக்கிய மிகையை எழுதும்போது விலக்குவோம். எழுதியதைக் காக்கும்போது, அளவறிந்து கைக்கொள்வோம்.